கண்டாங்கி நிறத்தில் ஒரு கவசம்

கில்டு வார்ஸ் 2 என்ற இணையக் கணினி விளையாட்டில் என் வீரனுக்குக் கண்டாங்கிச் சேலையின் நிறங்களைப் போட வேண்டும் என்று ஆசை: அரக்கு உடல், மஞ்சள் கரை, கறுப்புக் கட்டம். காரைக்குடிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்! 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை வேறு.

கவசத்தின் ஒவ்வொரு உருப்படிக்கும் நான்கு இடங்கள் வரை சாயம் போடலாம். எல்லாவற்றிலும் அதே அரக்குச் சாயத்தைப் போட்டேன். துணிப் பகுதி அப்படியே சேலை மாதிரி வந்தது. மார்புத் தகடோ வெளிறிப் பளபளத்தது; அதே சாயமா என்றே சந்தேகம் வந்தது. காரணம், விளையாட்டில் துணி, தோல், உலோகம் மூன்றும் ஒரே சாயத்தை வெவ்வேறு விதமாகக் காட்டும். உலோகத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் நிறம் மாறிப்போகும்.

சரி என்று, தகட்டுக்கு மட்டும் இன்னும் கருத்த, பழுப்பு கலந்த சிவப்பைத் தேடிப் போட்டேன். மடிக்கணினியில் இரவு நேர மஞ்சள் வடிகட்டியையும் அணைத்தேன். அது இருந்தால் எந்த மஞ்சளையும் நம்ப முடியாது. அப்புறம் வீரனை வெயிலிலும் குகைக்குள்ளும் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் தகடும் துணியும் ஒட்டி வந்தன.

ஒருமுறை திறந்த சாயம் என் விளையாட்டுக் கணக்கில் உள்ள எல்லா வீரர்களுக்கும் கிடைக்கும் என்பதால் காசும் வீணாகவில்லை. தலைக்கவசத்துக்கு மட்டும் எந்த நிறமும் எடுபடவில்லை. மறைத்துவிட்டேன்.