உங்கள் படகின் ஜிங்க் தேயவே இல்லையா? அப்படியானால் கவலைப்படுங்கள்

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் நண்பர் ஒருவரின் விசைப்படகைக் கரையேற்றியிருந்தார்கள். சுக்கானில் பொருத்தியிருந்த ஜிங்க் கட்டியைத் தட்டிக் காட்டி, "இரண்டு வருடமாகத் தேயவே இல்லை, அசல் சரக்கு" என்று பெருமைப்பட்டார். கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடிப்பகுதிக்கு வண்ணம் பூசியவர் அதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு முழம் தள்ளி, சுக்கான் தகட்டில் சுண்டுவிரல் நுனி புதையும் அளவுக்குக் குழிகள். தேய வேண்டியது தேயவில்லை; தேயக் கூடாதது தேய்ந்துவிட்டது.

ஜிங்க் என்று நாம் சொல்லும் இந்தத் துத்தநாகக் கட்டிதான் தியாக ஆனோடு. வெண்கலப் புரொப்பல்லர், ஸ்டெயின்லெஸ் ஷாப்ட், இரும்புச் சுக்கான் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டபடி உப்பு நீரில் கிடந்தால், படகின் அடிப்பகுதியே ஒரு பேட்டரி ஆகிவிடும். அதில் மட்டமான உலோகம், அதாவது எளிதில் அரிக்கப்படுவது, கரையும். இரும்பைவிடவும் மட்டமானது துத்தநாகம். அதைச் சேர்த்துவிட்டால் அது முந்திக்கொண்டு கரைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். ஒரு கிலோ துத்தநாகம் சுமார் 780 ஆம்பியர்-மணி கொடுக்கும். இடைவிடாமல் 100 மில்லி ஆம்பியர் போனால் 7,800 மணி நேரம், அதாவது பத்தரை மாதத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆண்டுக்கொரு முறை மாற்றும் வழக்கமும் ஏறக்குறைய இதோடு ஒத்துப்போகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இந்த வேலைக்குத் தோதானது. படகு எப்படியும் கரையில்தான் நிற்கும்.

கழற்றுவதற்கு முன் பாருங்கள்

புதியவர்கள் படகு கரையேறியதுமே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். பழைய கட்டிதான் ஓராண்டுக் கணக்கைச் சொல்லும் ஆவணம். முதலில் அதைப் படியுங்கள். ஒட்டியிருக்கும் கொட்டலசையும் (படகின் அடியில் ஒட்டி வளரும், ஓடுள்ள சிற்றுயிர்) பாசியையும் சுரண்டிவிட்டு, செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போல ஓரம் கரைந்து, மேற்பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் நன்று, அது உழைத்திருக்கிறது. பாதி கரைந்துவிட்டாலே மாற்றிவிட வேண்டும். மீதிப் பாதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது பொய்க்கணக்கு. அது எட்டாம் மாதத்திலேயே தீர்ந்துபோனால் கடலுக்குள் யார் பார்ப்பது?

மூன்றே மாதத்தில் காணாமல் போயிருந்தால் வேறு கதை. பேட்டரி வயரில் எங்காவது மின்கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கட்டி மாட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கொஞ்சமும் தேயவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பெயின்ட் அடித்திருப்பார்கள், உலோகத்தோடு சரியான தொடர்பு இல்லாமல் இருக்கும், அல்லது மேலே கெட்டியான வெள்ளை ஓடு படிந்து செயலற்றுப் போயிருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் உப்புக் குறைந்த நீரில் நெடுநாள் கிடக்கும் படகுகளில் இந்த மூன்றாவது கோளாறு வரும். அங்கே அலுமினிய ஆனோடு மேல். எடைக்கு எடை அதன் மின் கொள்ளளவு துத்தநாகத்தைப் போல மூன்று மடங்கு. ஆனால் ஒரே படகில் ஒரு இடத்தில் ஜிங்க், இன்னொரு இடத்தில் அலுமினியம் என்று கலக்காதீர்கள். மக்னீசியம் நன்னீருக்கானது, கடலில் அது விறுவிறுவென்று தீர்ந்துவிடும்.

கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

சுக்கானில் உள்ளது பெரும்பாலும் போல்ட் போட்டது. நட் இறுகியிருந்தால் துருநீக்கும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். ஷாப்ட்டில் உள்ளது இரண்டு பாதியாகப் பிரியும் வளையம். ஆலன் கீ போதும். இரும்புப் படகின் உடலில் பட்டையோடு வெல்டிங் செய்யப்பட்ட கட்டிகள் இருந்தால் அது வெல்டரின் வேலை. மறுபக்கம் டீசல் டேங்க் இருக்கிறதா என்று அவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இனி வருவதுதான் வேலையின் உயிர். கட்டி உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் பிறகு உப்புத்தாளாலும் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை கொண்டுவாருங்கள். பெயின்ட், துரு, கிரீஸ், எதுவும் மிஞ்சக் கூடாது. கட்டியின் பின்புறம், போல்ட் மரை, வாஷர் எல்லாவற்றுக்கும் இதே கவனிப்பு வேண்டும். மின்சாரம் போக வழி இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜிங்க்கும் வெறும் பாரம்தான்.

பொருத்துதல்

ஷாப்ட் வளையத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிறகு சிறு சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். ஒரு சுற்றாவது கூடுதலாக இறங்கும். அந்தத் தளர்ச்சியோடு விட்டால் ஓடும்போது அதிர்ந்து கழன்றுவிடும். ஷாப்ட் பேரிங்கை ஒட்டியும் மாட்டாதீர்கள். ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டால்தான் பேரிங்கைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும்.

முடித்ததும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைக் கட்டியிலும் மறு முனையைச் சுக்கானிலோ ஷாப்ட்டிலோ வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் சலிப்படையாமல் கழற்றி மறுபடி தேயுங்கள்.

கடல் நீரால் குளிரும் இஞ்சின்களில் இன்னொரு ஜிங்க்கும் இருக்கிறது. வெப்பமாற்றியின் பக்கவாட்டில் பித்தளை மூடியோடு, பென்சில் போல. படகு தண்ணீரில் இருக்கும்போது மாற்றுவதானால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுத் திறங்கள். உடைந்த துண்டு உள்ளேயே கிடந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாயை அடைக்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அது தொடர்பைக் கெடுக்கலாம். இஞ்சினை ஓட்டிக் கசிவு பாருங்கள்.

மரப்படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கூடக் கூட நல்லது என்று ஜிங்க்கை அடுக்காதீர்கள். பாதுகாப்பு மிதமிஞ்சினால் உலோகத்தைச் சுற்றிக் காரம் உருவாகி மரத்தை நார்நாராக்கிவிடும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பூப் பூத்து மரம் மெத்தென்று அமுங்கினால் அதுதான் அடையாளம். மிதமிஞ்சிய காப்பின் வம்பு பழையது. 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளை இதே முறையில் காத்தார். செம்பு கரையவே இல்லை. கரைந்த செம்புதான் அதுவரை கொட்டலசை விரட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகே தெரிந்தது. பாசியும் சிப்பியும் ஏறிக் கப்பல்கள் வேகம் இழந்தன.

பெயின்ட் அடிப்பவருக்கு முன்

கட்டிகள் அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். வாயால் சொன்னால் போதாது. பெயின்ட் அடிப்பவர் கையில் பிரஷ்ஷோடு வேகத்தில் இருப்பார். படகை இறக்கும் அன்று காலை டேப்பைப் பிரித்தாகிவிட்டதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். டேப்போடு கடலுக்குப் போன படகையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டியையும் மீன் எடை போடும் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் இஞ்சின் அறைக் கதவின் உட்புறம் மார்க்கரால் எழுதிவைப்பேன். அடுத்த ஏப்ரலில் கழற்றியதையும் அதே தராசில் வைத்து, பக்கத்திலேயே எழுதுவேன்.