உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வைன் பட்டியலை எடைபோடுவது எப்படி

நாற்பது வைன் உள்ள பட்டியல் எட்டு வைன் உள்ளதைவிட நல்லது என்ற எண்ணம் திருகோணமலைக்குப் பொருந்தாது. இங்கே கிடைக்கும் வைன் பெரும்பாலும் இறக்குமதி. கொழும்பில் இறங்கி, ஹபரணை வழியாக 250 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்து, பிறகு ஹோட்டல் களஞ்சிய அறையில் காத்திருக்கிறது. சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அதுதான் கச்சான் காற்று அனலாக வீசும் காலமும். மாரி தொடங்கினால் கூட்டம் குறையும், சில இடங்கள் பூட்டியே கிடக்கும், விற்காத போத்தல்கள் ஏசி இல்லாத அறையில் அடுத்த மே வரை நிற்கும். ஆகவே பட்டியல் நீள நீள, நின்றுபோன போத்தல் உங்கள் மேசைக்கு வரும் வாய்ப்பும் கூடும்.

முதலில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். “சிலி வெள்ளை வைன்” என்று மட்டும் போட்டிருந்தால் அது விலைக்கான தகவலே அல்ல. தயாரிப்பாளர் பெயர், திராட்சை வகை, பிரதேசம், விளைச்சல் ஆண்டு, போத்தலின் அளவு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பிரதேசம் குறுகக் குறுக நம்பிக்கை கூடும். சிலியில் “மத்திய பள்ளத்தாக்கு” என்பது மிகப் பெரிய பரப்பு, “கசபிளாங்கா” என்பது கடற்காற்று படும் ஒரு பள்ளத்தாக்கு. “தென்கிழக்கு அவுஸ்திரேலியா” என்ற சொல் பல மாநிலங்களை ஒன்றாக அள்ளிக்கொள்வது. அப்படி எழுதிய போத்தல் குடிக்க நன்றாக இருக்கலாம், ஆனால் அதற்குப் பெரிய விலை கொடுக்கக் கூடாது. “ஹவுஸ் வைன்”, அதாவது ஹோட்டல் வழமையாக ஊற்றும் வைன், என்றால் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பியருக்குப் போய்விடலாம்.

ஐந்திலும் இங்கே அதிகம் பேசுவது ஆண்டுதான். சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை வைன், ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன், மலிவு விலை வெள்ளை ஆகியவை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கச் செய்யப்பட்டவை. ஆண்டைக் கணக்குப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: நியூசிலாந்து, சிலி, தென்னாபிரிக்காவில் அறுவடை பெரும்பாலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஐரோப்பாவில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் தெற்கத்திய வைன் அரை வருடம் மூத்தது. பட்டியலில் ஆண்டு இல்லை என்றால் போத்தலில் பாருங்கள். பட்டியலில் ஓர் ஆண்டு, போத்தலில் வேறோர் ஆண்டு என்றால், திறக்கவிடும் முன்பே சொல்லிவிடுங்கள். திறந்தபின் அது உங்கள் போத்தல்.

அடுத்தது திருகுமூடியா, தக்கையா என்பது. வெளிநாட்டில் தக்கைக்கு ஒரு கௌரவம் உண்டு. இந்த வெயிலில் திருகுமூடியே மேல். சூட்டில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், ஓரத்தால் கசியும், குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். நிமிர்த்தியே மாதக்கணக்கில் வைத்த போத்தலில் தக்கை காய்ந்து சுருங்கும். நியூசிலாந்து, அவுஸ்திரேலிய போத்தல்களில் பெரும்பாலானவை திருகுமூடிதான்; சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் சாயுங்கள். ஆனால் திருகுமூடி காற்றைத்தான் தடுக்கும், சூட்டை அல்ல.

போத்தல் மேசைக்கு வந்ததும், மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, கழுத்தைப் பாருங்கள். தக்கை வாய்மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா? மேலுறைக்குக் கீழே பிசுபிசுப்போ, காய்ந்த கறையோ உண்டா? அதே வகையின் மற்றப் போத்தலைவிட மட்டம் இறங்கியிருக்கிறதா? இளம் வெள்ளை வைன் பொன்மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போயிருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் வேறு போத்தல் கேட்கலாம். வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் வரும் ரோசே பார் விளக்கின் கீழே அலங்காரமாக நிற்பதைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். வெளிச்சமும் வைனைக் கெடுக்கும்.

விலைக்கு வருவோம். கொழும்பு சுப்பர்மார்க்கெட்டிலோ, நல்ல மதுபானக் கடையிலோ அதே போத்தலின் சில்லறை விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். திருகோணமலை “வைன் ஸ்டோர்ஸ்”களின் தட்டுகளில் பெரும்பாலும் சாராயமும் பியரும்தான் என்பதால் ஒப்பிட அவை அவ்வளவு உதவாது. பட்டியல் விலை சில்லறை விலையின் 2 மடங்கு என்றால் தாராளம், 2.5 மடங்கு வழமை, 3 மடங்குக்கு மேல் என்றால் கடற்கரைக்குச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். சில்லறை விலையிலேயே வரி கனமாக ஏறியிருக்கிறது; அதனால் “இங்கே எல்லாமே விலைதான்” என்று ஹோட்டல்காரர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்த மடங்கு காட்டிவிடும்.

மடங்கு பட்டியலில் எல்லா வைனுக்கும் ஒன்றாக இராது. சாதாரணமாக மலிவுப் போத்தலில்தான் அதிகம். உதாரணத்துக்கு, கடையில் 6,000 ரூபாய் வைன் பட்டியலில் 15,000, கடையில் 12,000 ரூபாய் வைன் பட்டியலில் 22,000 என்று வையுங்கள். முதலாவது 2.5 மடங்கு, இரண்டாவது 2 மடங்குக்கும் குறைவு. 7,000 ரூபாய் கூடக் கொடுத்தால் 6,000 ரூபாய் கூடப் பெறுமதியுள்ள வைன் கிடைக்கிறது. இதை நம்பிப் பட்டியலின் உச்சிக்கு ஏறிவிட வேண்டாம். அங்கேயுள்ள பழைய பிரெஞ்சுச் சிவப்பை இந்த ஊரில் வருடத்துக்கு எத்தனை பேர் கேட்பார்கள்? நடுவில் உள்ள, அடிக்கடி ஓடும் போத்தலே பாதுகாப்பு. எது அதிகம் ஓடுகிறது என்று வெயிட்டரிடம் நேரே கேளுங்கள். இந்த ஊரில் அது நல்ல கேள்வி.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி. 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேர, மனக்கணக்குக்கு 30 சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய் போத்தல் பில்லில் 19,500 அளவில் நிற்கும். இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது ஒன்று வரியோடும் மற்றது வரியில்லாமலும் எழுதியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கிளாஸ் கணக்கில் வாங்குவதானால் அளவைக் கேளுங்கள். 750 மி.லீ. போத்தலில் 150 மி.லீ. வீதம் 5 கிளாஸ், 125 மி.லீ. வீதம் 6. போத்தல் விலையை 4 ஆல் பிரித்து வருவதற்குக் கிட்ட இருந்தால் 150 மி.லீ. கிளாசுக்கு நியாயம். 12,000 ரூபாய் போத்தலுக்கு 3,000. அதே விலைக்கு 125 மி.லீ. ஊற்றினால் ஆறு கிளாசில் 18,000 ரூபாய் எடுக்கிறார்கள். அதைவிட முக்கியம், “இது எப்ப திறந்தது தம்பி?” என்ற கேள்வி. மூடி பிரிஜ்ஜில் வைத்த வெள்ளை மூன்று நாள் தாங்கும். சிவப்பு இரண்டு நாள், அதுவும் பிரிஜ்ஜில் இருந்தால். பார் மேசையில் 30 பாகையில் நின்றால் மறுநாளே புளிக்கத் தொடங்கும். நுரைக்கும் வைனைக் கண்முன் திறந்தால் ஒழியக் கிளாசில் வாங்க வேண்டாம்.

சாப்பாட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நண்டுக் கறி, இறால், கணவாய், அறக்குளா விற்கும் இடத்தில் வைன் பட்டியல் முழுக்க ஷிராஸ், கபர்னே சோவின்யோன் என்ற கடும் சிவப்பு வைன்கள் என்றால், இறக்குமதியாளர் கொடுத்த தாளை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். கடும் சிவப்பின் துவர்ப்பு மிளகாய் எரிவைக் கூட்டும், மீனோடு சேர்ந்தால் நாவில் உலோகச் சுவை விடும். 14 சதவீத அல்கஹோலும் எரிவுக்கு எண்ணெய்தான். உறைப்புக் கறிக்கு 12.5 சதவீதத்துக்குக் குறைந்த, சற்றே இனிப்புத் தட்டும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் அல்லது பழச்சுவையுள்ள ரோசே எடுபடும். பொரித்த கணவாய்க்குப் புளிப்புள்ள சோவின்யோன் பிளாங். பட்டியலில் பாதியாவது வெள்ளை, ரோசே, நுரை வைனாக இருந்தால் யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

சிவப்பை “அறை வெப்பநிலையில்” தருவோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதி 16 முதல் 18 பாகை உள்ள அறைக்கானது. ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி நிரப்பிய வாளியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கு இருபது நிமிடம் வேண்டும். வெறும் ஐஸ் போட்டால் இடையில் காற்று நின்று தாமதமாகும்.

முதல் மடக்கில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டது. பழத்தின் புத்துணர்வு போய், காய்ச்சிய ஜாம் போல இருந்தால் வெயில் பட்டது. இரண்டுக்கும் மாற்றிக் கேட்கலாம்: “தம்பி, இது சூடு பட்ட போத்தல் போல இருக்கு, நீங்களும் ஒருக்கா மணந்து பாருங்கோ, வேறொண்டு எடுத்துத் தாங்கோ.” வெயில் பட்டதென்றால் அதே பெட்டியிலிருந்து இன்னொன்று வாங்குவதில் பயனில்லை, வேறு வைனுக்கு மாறுங்கள். ருசி பிடிக்கவில்லை என்பது திருப்பிக் கொடுக்கக் காரணமல்ல.

போயா (பௌர்ணமி) தினத்தில் மதுபானம் விற்கத் தடை. விருந்துக்கு நாள் குறிக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். சொந்தப் போத்தலைக் கொண்டுவர விடும் இடங்களில் திறப்புக் கட்டணத்தை முன்பே பேசி, உங்கள் போத்தலின் விலையோடு கூட்டி, பட்டியலின் நடுப் போத்தலோடு ஒப்பிடுங்கள். கொண்டுவரும் வழியில் கார் டிக்கியில் போடாமல், ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் படுக்கவையுங்கள்.