அறுபதாயிரம் பிடித்தார்கள், முழுசாக வரவில்லை: ரீஃபண்ட் எங்கே குறைகிறது?

"ஏனுங்கண்ணா, கம்பெனில அறுபதாயிரம் புடிச்சாங்க. வரியே வராதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அறுபதும் வரோணுமில்லீங்க?"

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் பவர் டேபிள் தையல் யூனிட் வைத்திருக்கும் தம்பி ஒருவர், சரக்கு அனுப்பும்போது எழுதும் டிசி நோட்டோடு வந்து நின்றார். நோட்டின் பின்னட்டையில் 44 + 16 = 60 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. நான் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர் கணக்கையே, தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கி, இங்கே வைக்கிறேன்.

2025-26 நிதியாண்டில் இரண்டு பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்த பில் 60 லட்சம். ஜாப் ஒர்க் செய்பவர் தனிநபர் என்றால் கம்பெனி 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கும், ஆக 60,000. (பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால், ஜிஎஸ்டி சேர்க்காத தொகைக்குத்தான் இந்த 1 சதவீதம். பலர் இங்கேயே தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.)

படி 1: நான்கு தொகைகளை வரிசையாக எழுதுங்கள்

மனக்கணக்கில் நீங்கள் எதிர்பார்த்தது, ரிட்டர்னில் கேட்டது, வருமான வரித்துறை ஒப்புக்கொண்டது, பேங்கில் விழுந்தது. தம்பிக்கு இப்படி வந்தது: 60,000, 49,600, 45,600, 46,968. எந்த இரண்டுக்கு நடுவே பணம் இறங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இவருக்கு இரண்டு இடத்தில் இறங்கியிருக்கிறது.

படி 2: மனக்கணக்கும் ரிட்டர்னும்

தையலில் லாபம் 5,40,000 என்று காட்டினார். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 1,40,000க்கு 5 சதவீதம், 7,000. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடி அந்த 7,000ஐ முழுசாக அடித்துவிடும். "வரியே வராது" என்று நான் சொன்னது இதை வைத்துத்தான்.

அப்புறம் ரிட்டர்ன் போடும்போது மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார். போனில் ஷேர் வாங்கி விற்றிருக்கிறார். ஒரு வருஷத்துக்குள் விற்றதில் லாபம் 50,000. இதற்குத் தனி விகிதம், 20 சதவீதம். புதிய முறையில் 87ஏ தள்ளுபடி இந்த வரியைத் தொடாது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று டிவியில் கேட்டவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 10,000 வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் 400. அறுபதில் 10,400 போனால் 49,600.

ஷேர் லாபத்தை மறைத்திருக்கலாமே என்று யோசிக்காதீர்கள். அது வருமான வரித்துறை தொகுக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் ஏற்கெனவே வந்துவிடுகிறது. இந்த மாதிரி லாபம் இருந்தால் சுகம் எனும் ஐடிஆர் 4 ரிட்டர்ன் படிவம் செல்லாது, ஐடிஆர் 3 போட வேண்டும்.

படி 3: ரிட்டர்னும் 143(1) கடிதமும்

ரிட்டர்னை வருமான வரித்துறை சரிபார்த்து முடித்ததும், பெங்களூரில் உள்ள அதன் மையமான சிபிசியிலிருந்து மெயிலில் ஒரு பிடிஎஃப் வரும்; 143(1) கடிதம் என்பது இதுதான். திறக்கப் பாஸ்வேர்டு: பான் நம்பர் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், வருடம். உள்ளே ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு தொகை: இடப்பக்கம் நீங்கள் சொன்னது, வலப்பக்கம் அவர்கள் போட்டது. ஸ்கேல் வைத்து இறங்கி வாருங்கள். முதலில் எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

தம்பிக்கு வருமானம், வரி எல்லாம் ஒன்றுபோல இருந்தது. டிடிஎஸ் வரிசையில் இடது 60,000, வலது 56,000. உடனே, தம்பியின் பானில் ஏறிய டிடிஎஸ்ஸைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது கம்பெனியின் கடைசிக் காலாண்டு 4,000 அதில் இல்லை. பணம் பிடித்திருக்கிறார்கள், கட்டியும் இருக்கிறார்கள். பானின் கடைசி எழுத்து 'பி'க்குப் பதில் 'டி' என்று ஏறியிருக்கிறது. ரிட்டர்ன் போடும் முன்பே 26ஏஎஸ் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

படி 4: கடிதமும் பேங்கும்

இங்கே குறைந்தால் பழைய வருஷ பாக்கியை 245வது பிரிவில் கழித்திருப்பார்கள்; அதற்கு முன்பே நோட்டீஸ் வந்திருக்கும், மெயிலில் தேடுங்கள். தம்பிக்குப் பாக்கி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் அரை சதவீதம் வட்டி, 1,368 கூடத்தான் வந்தது.

படி 5: விட்டதைப் பிடிப்பது

ஷேர் வரி போனது போனதுதான். அந்த 4,000க்கு முதலில் கம்பெனி அக்கவுண்ட்ஸில் சொல்லி, டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தச் சொல்லுங்கள். 26ஏஎஸில் தொகை ஏறிய பிறகே போர்ட்டலில் 'ரெக்டிஃபிகேஷன்' போய், ரிட்டர்னை மறுபடி பிராசஸ் செய்யக் கேளுங்கள். ஏறும் முன்பே கேட்டால் அதே 56,000தான் திரும்ப வரும்.

அந்த 1,368 வட்டி அடுத்த வருஷ ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டியது. டிசி நோட்டின் பின்னட்டையிலேயே அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். "இதுக்குமுங்களா?" என்றபடி எழுதிக்கொண்டார்.