பெல்ஜியத்தில் முதல் சைக்கிள், முதல் கால்வாய்க் கரை

கம்யூனில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்தாயிற்று. போலீஸ்காரர் வீடு தேடி வந்து, நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுப் போயாயிற்று. வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. எங்களுக்கு முதல் மூன்று மாதமும் அப்படித்தான் போனது. அதனால்தான் நாங்கள் இருக்கும் லூவன் நகருக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைச் சொல்கிறேன்: கார் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்குங்கள். கார் தொந்தரவே இல்லாமல் முப்பது நாற்பது கிலோமீட்டர் வயல்வெளியில் போய்வர இந்த நாட்டில் வழி இருக்கிறது.

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்று சொல்லும் அக்காமார் நிறையப் பேர். நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கற்றுக்கொண்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, முழங்காலில் சிராய்ப்போடு, பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றிச் சுற்றிப் பழகினாள். வயது ஒரு தடையே இல்லை. பிரஸ்ஸல்ஸில் புரோ வேலோ என்ற அமைப்பு பெரியவர்களுக்கென்றே சைக்கிள் வகுப்பு நடத்துகிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் நகராட்சியில் கேட்டுப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அங்கே வருபவர்கள் எல்லோருமே முதல்முறை ஏறுபவர்கள்தான்.

புது சைக்கிள் விலை அதிகம். டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பக்கம் கிரிங்விங்கல் என்று பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. அங்கே பழுது பார்த்த சைக்கிள் கிடைக்கும். வாங்கும்போது பெடலைப் பின்பக்கமாக மிதித்துப் பாருங்கள். இங்கே பல சைக்கிள்களில் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். நம் ஊரில் இறக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டே போவோமே, அதே பழக்கத்தில் இங்கே சுற்றினால் சைக்கிள் சட்டென்று நின்றுவிடும், நாம் முன்னால் போய் விழுவோம். வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் கடை வாசலிலேயே நாலு சுற்று ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் வால்வும் இங்கே மூன்று விதம். பம்பு வாங்கும்போது உங்கள் டியூபுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். பெல் கட்டாயம். இருட்டிலும் பனிமூட்டத்திலும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் போடாமல் அனுப்பாதீர்கள்.

திருட்டு உண்டு. நல்ல பூட்டு வாங்கி, அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். மைபைக் என்று அரசின் இணையப் பதிவு இருக்கிறது. சைக்கிளைப் பதிந்தால் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கிடைக்கும், தொலைந்து கிடைத்தால் உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க அது உதவும். இன்னொன்றும் செய்துவிடுங்கள்: இங்கே எல்லோரும் எடுத்துவைக்கும் குடும்பக் காப்பீடு. உங்கள் பிள்ளை சைக்கிளில் போய் நிற்கும் காரைக் கீறிவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

இனி, பாதையில் இறங்கும் முன் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று. இங்கே வலப்பக்கம். படிக்கும்போது சுலபமாகத் தோன்றும். ஆனால் குறுகிய பாதையில் எதிரே ஒருவர் திடீரென்று வந்தால், பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய உடம்பு தானாகவே இடப்பக்கம் சாயும். அவர் தன் வலப்பக்கம் ஒதுங்குவார். இரண்டும் ஒரே பக்கம்! முதல் வாரத்தில் ஒரு வயதான பெண்மணியை இப்படித்தான் இடிக்கப் பார்த்தேன். இருவரும் ஹேண்டில்பார் உரசி நின்றோம். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து, பாதையின் வலது ஓரத்தைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனார். இப்போதும் எதிரே ஆள் வந்தால் "வலம், வலம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். பலகை ஏதும் இல்லாத கிராமச் சந்திப்புகளில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

முதல் பயணத்துக்கு நான் எப்போதும் சொல்வது கால்வாய்க் கரைதான். அந்தக் காலத்தில் படகுகளைக் குதிரையும் ஆளும் கயிறு கட்டி இழுத்துப் போன பாதை அது. டச்சில் யாக்பாட் என்பார்கள். மேடு பள்ளம் கிடையாது, கிளைப் பாதைகள் குறைவு, வழி தவறவே முடியாது. பாதை தொடங்கும் இடத்தில் சிவப்பு வளையத்தோடு வெள்ளை வட்டப் பலகை நின்றால் "அனுமதி இல்லை போலிருக்கிறது" என்று திரும்பிவிடாதீர்கள். அதன் கீழே சின்னப் பலகையில் சைக்கிள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளைத் தவிர மற்றவற்றுக்குத்தான் அந்தத் தடை. பராமரிப்பு வண்டி ஒன்றிரண்டு எப்போதாவது வரும், அவ்வளவுதான்.

எங்கள் வழி லூவனிலிருந்து மெஹலன் பக்கம் போகும் கால்வாய். 1750இல் வெட்டத் தொடங்கியது, நீளம் 30 கிலோமீட்டர். ஃபார்ட்கொம் படகுத்துறையில் தொடங்கும்போது பக்கத்து பீர் ஆலையிலிருந்து தானியம் வேகும் வாசனை வரும். கொஞ்ச தூரத்தில் வைஹ்மால் வரும். அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அரிசியிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ரெமி ஆலை இருக்கிறது. நெல் விளையாத இந்தக் குளிர் மண்ணில் அரிசி ஆலை ஒன்றைப் பார்த்த அன்று ஏனோ மனது நிறைந்துவிட்டது. அதன் பிறகு ஆலைகள் போய் வயல்கள் வரும். ஒரு பக்கம் தண்ணீர், இரண்டு பக்கமும் மரங்கள், நாரைகள் அசையாமல் நிற்கும். மடைக்கதவு இருக்கும் இடங்களில் சற்று நின்று பாருங்கள். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தால் அங்கேயிருந்து நகர மாட்டார்கள்.

பாதி வழியில் கம்பன்ஹவுட் சாஸ். அந்தப் பகுதி விட்லோஃப் என்ற கீரைக்குப் பேர் போனது. வெயில் படாமல் இருட்டில் வளர்ப்பதால் இலை வெள்ளையாகவே இருக்கும், கொஞ்சம் கசக்கும். அதற்கென்று ஒரு அருங்காட்சியகமே அங்கே இருக்கிறது. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் அந்தக் கசப்பு இதமாக அடங்கிவிடும். என் வீட்டில் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். முதல்முறை இங்கேயே திரும்பிவிடுவது நல்லது. கால் பழகியபின் மெஹலன் வரை போய், ரயிலில் திரும்பலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மடக்கும் சைக்கிளை மடித்து எடுத்துப் போனால் அதுவும் தேவையில்லை. எந்தப் பெட்டியில் சைக்கிள் படம் ஒட்டியிருக்கிறதோ அதில்தான் ஏற்ற வேண்டும். அலுவலக நேரத்தில் முயலாதீர்கள், இடமே கிடைக்காது.

சனி, ஞாயிறு காலையில் ரேஸ் சைக்கிள் கூட்டம் பத்துப் பதினைந்து பேராகப் பறந்து வரும். அவர்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே போவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். "தேஹன்" என்றால் எதிரே ஆள் வருகிறது. "பால்" என்றால் வழியில் தூண் நிற்கிறது. நம் காதில் அது அச்சு அசலாகப் பால் என்றே விழும். வலது ஓரமாக நேராகப் போய்க்கொண்டிருங்கள், வளைந்து நெளியாதீர்கள். அவர்களே சுற்றிப் போய்விடுவார்கள். நீங்கள் யாரையாவது முந்துவதானால் தூரத்திலேயே ஒரு முறை மெதுவாக பெல் அடியுங்கள். கடக்கும்போது ஃபிளாண்டர்ஸில் "டாஹ்", பிரெஞ்சு பேசும் வலோனியாவில் "போன்ஷூர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ஆறு மாதத்தில் எதிரே வரும் முகங்களில் பாதி தெரிந்த முகமாகிவிடும்.

கால்வாய் சலித்த பிறகு எண்களைப் பிடித்துப் போகலாம். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட காலத்தில், ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியாளர், நிலத்தடிப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் இடும் முறையையே சைக்கிள் பாதைகளுக்கும் கொண்டுவந்தார். 1995இல் லிம்பர்க்கில் தொடங்கியது, பின்னர் ஃபிளாண்டர்ஸ் முழுவதும் பரவியது. பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிட்டால் போதும். அம்புக்குறி அடுத்த எண்ணைக் காட்டிக்கொண்டே வரும். டச்சு ஒரு சொல் தெரியாத காலத்தில் யாரையும் வழி கேட்காமல் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வீடு திரும்பியது எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லி முடியாது. இந்தப் பாதைகள் முழுக்கக் கார் இல்லாதவை அல்ல. இடையிடையே சின்னக் கிராமச் சாலைகளும் வரும், அங்கே கவனம் வேண்டும்.

அதே லிம்பர்க்கில் போக்ரைக் பக்கம் பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். 2016இல் ஒரு குளத்தின் நடுவே 212 மீட்டருக்குப் பாதையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், சுவரின் விளிம்பில் தண்ணீர் கண் உயரத்துக்கு நிற்கும். வாத்து உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நீந்திப் போகும். விடுமுறை நாளில் கூட்டம் நெரியும், காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.

வலோனியாவில் ரவெல் என்று கேட்டால் சின்னப் பையனும் வழி காட்டுவான். கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் கால்வாய்க் கரைகளையும் சீராக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்ட வலைப்பின்னல் அது. ரயில் செங்குத்தாக ஏறாதல்லவா, அதனால் மலைப்பகுதியிலும் ஏற்றம் மெதுவாகவே இருக்கும். குடும்பமாகப் போக லா லூவியேர் பக்கத்துப் பழைய கால்வாய் நல்லது: 7 கிலோமீட்டருக்குள் படகையே மேலே ஏற்றிக் கீழே இறக்கும் நான்கு பழைய படகுத் தூக்கிகள், 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. கிழக்கே ஃபென்பான் என்ற பழைய ரயில் தடப் பாதை, ஜெர்மனியின் ஆஹனிலிருந்து பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க் வரை 125 கிலோமீட்டர். அது இரண்டு மூன்று நாள் பயணம், இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கையோடு வேண்டும். கிராமத்தில் கடை இருக்காது, இருந்தாலும் திறந்திருக்காது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் பண்ணை வாசலில் தானியங்கிப் பெட்டிகள் நிற்கும். காசு போட்டால் உருளைக்கிழங்கு, முட்டை, கோடையில் ஸ்ட்ராபெர்ரி கூடக் கிடைக்கும். சில்லறை வைத்திருங்கள். கழிப்பறை அரிது, காபிக் கடையில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவதுதான் வழி.

மழையைவிடக் காற்றுதான் ஆளைச் சோர வைக்கும். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வழியை வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று பலமாக இருந்தால் நாங்கள் ரயிலில் மெஹலன் போய், அங்கிருந்து லூவனுக்கு ஓட்டி வருவோம். இலையுதிர்காலத்தில் பீட்ரூட், உருளை ஏற்றிய டிராக்டர்கள் பாதையில் சேற்றை இறைத்துவிடும். ஈர இலையும் சேறும் சேர்ந்தால் வழுக்கும், வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள். டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த நாட்களில் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு வைஹ்மால் வரை ஒரு நடை போய்வாருங்கள்.

போன கோடையில் அம்மா வந்திருந்தாள். என் சைக்கிளின் சீட்டை இரண்டு விரற்கடை இறக்கிக் கொடுத்தேன். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகி, செயினில் மாட்டாமல் இருக்கிறதா என்று குனிந்து ஒரு முறை பார்த்தாள். பிறகு ஏறி மிதித்துவிட்டாள். எதிரே ஒரு குடும்பம் வந்தபோது நான் பின்னாலிருந்து "வலப்பக்கம்மா, வலப்பக்கம்!" என்று கத்தினேன். அவள் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தாள்.