கம்பம் நடும் முன் கூகுள் எர்த்தில் பாருங்கள்

வீட்டிலிருந்து தொலைவிலுள்ள தோட்டத்துக்கு வயர்லெஸ் இணைப்பு கொடுக்க நினைப்பவர்கள், ஆன்டெனாக் கம்பத்துக்குச் செலவழிக்கும் முன் கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து பாருங்கள். இலவசம்தான்.

ஒரு முனையில் இடக்குறி வைத்து, தரையிலிருந்து ஆன்டெனா இருக்கப்போகும் உயரத்தை அதற்குக் கொடுங்கள். வலது சொடுக்கில் 'வியூஷெட்' தேர்ந்தெடுத்தால், அங்கிருந்து தெரியும் நிலமெல்லாம் பச்சையாகும். பிறகு இரு முனைகளையும் பாதைக் கோட்டால் இணைத்து, அதன் உயர வரைபடத்தையும் பாருங்கள். எந்த மேடு குறுக்கே நிற்கிறது என்பது புரிந்துவிடும்.

மறுமுனை பச்சைக்குள் இருப்பதைக் கண்டதும் ஆன்டெனா வாங்க ஓடாதீர்கள். தென்னந்தோப்பையும் புதுக் கட்டடத்தையும் கூகுள் எர்த்தின் நில உயரத் தரவு சரியாகக் காட்டாது. தவிர, ரேடியோ அலைக்கு வெறும் நேர்கோடு போதாது. 5 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பென்றால், நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி, அலை பரவிச் செல்லும் பகுதியான ஃப்ரெனல் மண்டலம் சுமார் 12 மீட்டர் ஆரத்துக்கு விரியும். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7 மீட்டர் வரை, தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் 2 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அருகில் வரும் மேடுகளுக்கு மட்டும் நேரில் போய், அங்குள்ள மரங்களின் உயரத்தைப் பார்த்துவிட்டுக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.