வீட்டு ஹாலில் பழைய புத்தக வகுப்பு

அப்பா பினாங்கில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்தைத் திருப்பிப் படித்தே பழகியதால், கண்ணாடியில் தெரியும் எழுத்தைத் தயங்காமல் வாசிப்பார். அவர் போன பிறகு, அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த புத்தகங்களை நாலு பேருக்குக் காட்டத்தான் இந்த வகுப்பை ஆரம்பித்தேன். ஐந்து சனிக்கிழமை, காலையில் இரண்டு மணி நேரம், பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டு ஹால், பத்துப் பேர். இதுவரை நாலு முறை நடத்தியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒருவர் நடத்த வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பழைய, அரிய புத்தகங்களைப் பற்றிச் சொல்லித் தரும் ரேர் புக் ஸ்கூல் என்று ஒன்று உண்டு. டெரி பெலாஞ்சர் 1983ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 1992ல் வர்ஜீனியாவுக்கு மாறியது. ஒரு வகுப்புக்கு ஐந்து நாள், சிறு குழு, மேசை மேல் அசல் புத்தகங்கள். அங்கே போய்ப் படிக்க நம்மில் பலருக்கு வசதி இல்லை. ஆனால் அந்த வழியை எடுத்துக்கொள்ளலாம்: முதலில் கை, அப்புறம் கதை. வரலாற்றில் ஆரம்பித்தால் இரண்டாவது வாரமே பாதிப் பேர் வர மாட்டார்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது? பினாங்கில் என்றால் சௌராஸ்டா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அதைவிட நல்ல இடம் வருகிறவர்களின் வீடுதான். பாட்டி வைத்திருந்த பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், கிழிந்த பாட்டுப் புத்தகம், எதுவானாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கையுறை வேண்டாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். துணி மாட்டிய விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடும். இரண்டு டவலைச் சுருட்டி இரு பக்கமும் வைத்து, அதன் மேல் புத்தகம் தன்னால் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு மட்டும் திறக்கட்டும். பென்சில் மட்டும் போதும், பேனா வேண்டாம். கோப்பி குடிப்பது வேறு அறையில். பூஞ்சை பிடித்த புத்தகத்தைத் தனிப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்குங்கள். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பரவும்.

முதல் வாரம் புத்தகத்தையே தொட வேண்டாம். ஆளுக்கொரு மாஜோங் தாள், அதாவது பெரிய வெள்ளைத் தாள், கொடுங்கள். மூன்று முறை பாதியாக மடிக்கச் சொல்லி, வெட்டாமல், ஓரத்தைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை பக்க எண் எழுதச் சொல்லுங்கள். இப்போது தாளை விரித்தால் எண்கள் சிதறிக் கிடக்கும், பாதி தலைகீழாக. ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16; மற்றவை மறுமுகத்தில். அச்சகத்தில் பாரம் என்பது இதுதான். ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம் எப்படி வருகிறது என்பதை எத்தனை பேச்சாலும் இப்படிப் புரியவைக்க முடியாது. 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற நூலும் 16 பக்கம்தான் என்று அந்த இடத்தில் சொல்லுங்கள். எல்லோரும் கையில் இருக்கும் தாளை மறுபடி பார்ப்பார்கள்.

இரண்டாம் வாரம் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கத்துக்கு மிகத் தாழ்வாக, பக்கவாட்டில் பிடியுங்கள். ஈய எழுத்தில் அடித்ததென்றால் தாளில் பள்ளம் தெரியும், பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கல்லச்சும் ஆப்செட்டும் மழமழவென்று இருக்கும். தாள் பழுத்து ஓரம் நொறுங்கினால் அது மரக்கூழ்த் தாள். அதற்குள் இருக்கும் அமிலமே அதைத் தின்கிறது. செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

மூன்றாம் வாரம் முகப்புப் பக்கம். எனக்கு மிகப் பிடித்த வாரம் இது. 'இன்னார் இயற்றியது, இன்ன பிள்ளையவர்களால் பரிசோதிக்கப்பட்டு, இன்ன முத்திராட்சரசாலையிற் பதிப்பிக்கப்பட்டது' என்று ஒரே மூச்சில் போகும். முத்திராட்சரசாலை என்றால் அச்சகம். கீழே 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி என்பது 1829, 1889, 1949 சித்திரைகளில் பிறந்தது. 1835ல் அப்போதைய தற்காலிக கவர்னர் ஜெனரல் மெட்காப் அச்சகக் கட்டுப்பாடுகளை நீக்கிய பிறகுதான் இந்தியர்களின் அச்சகங்கள் பெருகின. ஆகவே முதலாவது அரிது. மற்ற இரண்டில் எது? முத்திராட்சரசாலை, சொற்கள் பிரியாத நடை, தமிழ் எண்ணில் பக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 1889. 'பிரஸ்' என்று போட்டிருந்தால் 1949 பக்கம் சாயலாம். ஒரு தடயத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மேலட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் புத்தகம் ஒன்றை ஒரு கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ஓரத்தை வெட்டி, பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். விலையும் அச்சகப் பெயரும் அந்த அட்டையில் மட்டும்தான் இருந்தன. இன்றும் மனசு ஆறவில்லை.

நான்காம் வாரம் ஓலைச்சுவடி. அசல் கிடைக்காவிட்டால் காய்ந்த ஓலையில் ஆணியால் கீறி, விளக்குக் கரியும் எண்ணெயும் தடவித் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதி வாசிக்கக் கொடுங்கள். சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எ, ஏ வேறுபாடும் இராது. பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு அப்போது புரியும்.

கடைசி வாரம் நம் ஊர்க் கதை. 1883ல் பினாங்கிலிருந்து குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணி இதழை நடத்தினார் என்றால் பலருக்கு வியப்பு. 1679ல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்த தனிநாயகம் அடிகள், 1966ல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகம் வழியாக அதை மறுபடி வெளிக்கொணர்ந்தார்.

அப்புறம் ஆளுக்கொரு பக்கம் எழுதட்டும்: தலைப்பு முகப்பில் உள்ளபடி, அச்சகம், ஆண்டு, பக்கம், அளவு, அட்டை, யாருடைய பெயர் மையில் எழுதியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது. போன முறை ஒரு அம்மா, "தம்பி, இது எங்கப்பா கையெழுத்து, இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். அதைத்தான் முதலில் எழுதுங்கள் என்றேன். எழுதிய தாளைப் பிரதி எடுத்து ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் புத்தகத்தோடு ஒரு உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.