மலையேறப் போகிறவர்களுக்கு நுரைப் பாய்: எதைப் பார்த்து வாங்குவது

நுரைப் பாய் வாங்கப் போகிற பலர் முதலில் பார்ப்பது தடிப்பைத்தான். இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மெத்தென்ற உணர்வை நம்பவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் மலைகளில் பாய்க்கு முக்கியமான வேலை இரண்டு. உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளாமல் தடுக்கவேண்டும். தரையின் ஈரத்தைக் குடிக்காமல் இருக்கவேண்டும். சொகுசு அதற்குப் பிறகுதான்.

நான் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வீடு வெள்ளவத்தையில். விடுமுறை வந்தால் கூட வேலை செய்யும் ஆசிரியைகள், தம்பியின் பிள்ளைகள் என்று யாரையாவது சேர்த்துக்கொண்டு, கோட்டையில் பதுளை ரயிலேறிவிடுவேன். புதிதாக எங்களோடு வருகிறவர்கள் எல்லோரும் பாயைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்.

மின்விசிறிக்குக் கீழே வியர்த்தபடி இருக்கும்போது குளிரை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தப் பையின் சூடு அதன் பஞ்சுக்குள் அடைபட்ட காற்றில் இருக்கிறது. நாம் மேலே படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். முதுகுக்கும் தரைக்கும் நடுவில் மிஞ்சுவது துணி மட்டுமே. அந்த இடத்தில் நசுங்காத காற்றை வைப்பதுதான் நுரைப் பாய்.

நசுங்காத காற்று என்றால், குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்க வேண்டும். மெத்தைக்கும் குஷனுக்கும் போடும் ஸ்பொஞ்சில் குமிழிகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும். அமுக்கினால் காற்று ஓடிவிடும், நனைந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். இறப்பர் விளைகிற நாடு என்பதால் இங்கே இறப்பர் நுரை மெத்தைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வீட்டுக்கு அருமையானவை. மலைக்கு வேண்டாம், பாரமும் அதிகம், தண்ணீரும் குடிக்கும். நமக்குத் தேவை மூடிய குமிழி நுரை. ஈவிஏ (EVA) என்றும் எக்ஸ்பிஈ (XPE) என்றும் போட்டிருக்கும் பிளாஸ்ரிக் நுரைகள் இந்த வகை.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நுரையில் வாயை அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டால் அது ஸ்பொஞ்ச். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. அடுத்தது, கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பள்ளம் உடனே எழும்பினால் நல்லது. விரல் அடையாளம் அப்படியே நின்றால், இடுப்பெலும்பு பட்ட இடமும் சில இரவுகளில் அப்படித்தான் ஆகும். கடைசியாக ஒரு மூலையை முழுதாக மடித்துப் பாருங்கள். மடித்த கோட்டில் வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

சரி, இப்போது ஆர் எண். வெளிநாட்டுப் பாய்களின் உறையில் ஆர் என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. முன்பு கம்பனிக்குக் கம்பனி வேறு வேறு விதமாக அளந்தார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்து, 2020 அளவில் பெரிய கம்பனிகள் அதற்கு மாறின. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவில் பாயை வைத்து, சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று பார்ப்பதுதான் முறை. ஆகவே வாங்கும்போது அந்தத் தரத்தின் பெயர் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த எண் அமெரிக்க அலகில் இருக்கும். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அலகுக்குக் கொண்டுவர 5.68 ஆல் பிரிக்கவேண்டும். ஆர் 2 என்றால் சுமார் 0.35. இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உடம்புப் பக்கம் 30 பாகை, தரை 10 பாகை, தரையில் படும் பரப்பு அரைச் சதுர மீற்றர் என்று வையுங்கள். 20 பாகை வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்கி அந்த எண்ணால் பிரித்தால், ஆர் 2 பாயின் ஊடாகப் போகும் வெப்பம் ஏறக்குறைய 28 வாற்று. நித்திரையில் இருக்கும் உடம்பு உண்டாக்குவதே 70, 80 வாற்று அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரைக்கே போகிறது. பாயே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையில் ஸ்லீப்பிங் பேக்கின் துணியும் கொஞ்சம் தடுக்கும், உடம்புக்குக் கீழே தரையும் மெல்லச் சூடேறும், அதனால் இழப்பு இதைவிடக் குறையும். ஆனாலும் எதற்காகப் பாயைச் சுமக்கிறோம் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

உறையில் எண் இல்லாத உள்ளூர் நுரைக்கும் இதே கணக்கு உதவும். மூடிய குமிழி நுரையின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தை எவ்வளவு சுலபமாகக் கடத்துகிறது என்ற அளவு, பெரும்பாலும் 0.04 அளவில் இருக்கும். தடிப்பை மீற்றரில் எடுத்து அதால் பிரித்தால், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான தட்டை நுரைக்கு 0.25 வரும், அதாவது ஏறக்குறைய ஆர் 1.4. தொடராக இணைத்த தடைகளைக் கூட்டுவதுபோல, ஒன்றின் மேல் ஒன்றாக விரித்த பாய்களின் ஆர் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரு சென்ரிமீற்றர் நுரையோடு அரைச் சென்ரிமீற்றர் நுரை ஒன்று சேர்ந்தால் ஆர் 2 வந்துவிடும். என் அனுபவத்தில் இலங்கைக்கு அது போதும். நக்கிள்ஸ் அடிவாரத்தில் மீமுரே போன்ற தாழ்வான இடங்களுக்கு ஒரு சென்ரிமீற்றரே போதும். ஹோர்ட்டன் சமவெளிக்கு இரண்டு அடுக்கும் வேண்டும். இமயமலைப் பக்கம் பனியில் படுக்கப் போகிறவர்களுக்கு 4க்கு மேல் தேவை, அது வேறு கதை.

இனி எங்கே வாங்குவது. வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு வெள்ளவத்தையில் குறைவு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தி வருகிறார் என்றால் மடிப்புப் பாய் ஒன்று கேளுங்கள். தேர்ம்-அ-ரெஸ்ட் கம்பனியின் ஸீ லைட் சோல் 183 சென்ரிமீற்றர் நீளம், 51 அகலம், 2 சென்ரிமீற்றர் தடிப்பு, நிறை 410 கிராம், ஆர் 2. நீமோவின் சுவிச்பேக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, 415 கிராம். பாரத்தைப் பற்றிச் சித்தி கவலைப்பட மாட்டார், இடத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார். மடித்தால் 51 சென்ரிமீற்றர் நீளமான கட்டாக வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரிய சூட்கேஸில் அடங்கும்.

சித்தி வராவிட்டால் புறக்கோட்டை இருக்கிறது. பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில், கூரைத் தகட்டுக்குக் கீழே வெயில் தடுக்கப் போடும் நுரை மீற்றர் கணக்கில் கிடைக்கும். ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு முறை நான் ஊதிப் பார்ப்பதைக் கண்ட கடை முதலாளி, “தங்கச்சி, இது கூரைக்குப் போடுறது, பலூன் இல்ல” என்றார். “தெரியும் நானா, படுக்கத்தான் கேக்கிறேன். இதைவிட இறுக்கமானது இருக்கா?” என்றேன். உள்ளே போய் இன்னொரு உருளையைக் கொண்டுவந்து போட்டார். அப்படிக் கேட்டால்தான் வரும், ஏனென்றால் முன்னால் வைத்திருப்பது பெரும்பாலும் ஈபிஈ (EPE) என்ற மலிவான நுரை. புதுச் சாமான்களைச் சுற்றி வரும், வளையக்கூடிய வெள்ளை நுரைத் தாளும் அதே சாமான்தான். அதுவும் மூடிய குமிழிதான், தண்ணீர் குடிக்காது. ஆனால் குமிழிகள் பெரியவை, எடை ஏறினால் உடைந்து தட்டையாகிவிடும். அடியில் போடும் இரண்டாவது அடுக்காக மட்டும் வாங்கலாம். எக்ஸ்பிஈ கையில் வழுவழுப்பாக இருக்கும், குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாக இருக்கும்.

இங்கே நிறை பார்ப்பது நல்ல வழி. 180 சென்ரிமீற்றர் நீளமும் 60 அகலமும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள துண்டு 320 கிராம் அளவில் இருந்தால், அடர்த்தி கன மீற்றருக்கு 30 கிலோ. படுக்க அது போதுமானது. அதே துண்டு 200 கிராமுக்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது சீக்கிரம் நசுங்கும். முதுகில் சுமந்து நடக்கப் போகிறவர்கள் பாரம் குறைந்ததைத் தேடுவது இயல்பு, ஆனால் நுரையில் ஓர் எல்லைக்குக் கீழே போகக்கூடாது.

அலுமினியத் தாள் சூட்டைத் திருப்பி அனுப்பும் என்று கடையில் சொல்வார்கள். கூரைக்குக் கீழே அது உண்மை, ஏனென்றால் அங்கே தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்கிறது. உடம்பு நேராக ஒட்டிக்கொண்டால் கதிர்வீச்சுக்கு இடமே இல்லை, கடத்தல்தான் நடக்கும். முட்டைத் தட்டுப்போலக் குழி விழுந்த பாய்களில் மட்டும் அந்தப் பூச்சு கொஞ்சம் உதவும். தட்டை நுரையில் தாளுக்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம்.

யோகா மேட்டைக் கொண்டுபோகலாமா என்று ஆசிரியைகள் எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் இருக்கிறது, ஒரு இரவுதானே என்றால் கொண்டுவாருங்கள். ஆனால் பீவீசியில் செய்தவை பல ஒரு கிலோவைத் தாண்டும், தடிப்போ அரைச் சென்ரிமீற்றர்தான். பிள்ளைகள் விளையாடும் பொருத்துப் பாயும் அப்படித்தான், பொருத்துகிற இடங்களில் இரவில் விலகவும் செய்யும்.

காற்றடிக்கும் பாய் சொகுசானது, சுருட்டினால் சிறிதாகிவிடும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு அது எவ்வளவு சுகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முள்ளில் ஒரு துளை விழுந்தால், மழையில் நனைந்த பாயில் ஒட்டுப் பிடிக்காது, இரவு முழுக்கத் தரையில்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவள் என்பதால் எனக்கு நுரையே பெரிது. அதைக் கல்லில் போடலாம், பிள்ளைகள் மேலே குதிக்கலாம், சூடான பாத்திரத்தை மட்டும் வைக்கக்கூடாது.

நீளத்தை உங்கள் உடம்புக்கு வெட்டிக்கொள்ளலாம், நுரையில் அது பெரிய வசதி. தோளிலிருந்து முழங்கால் வரை 120 சென்ரிமீற்றர் இருந்தால் பலருக்குப் போதும். காலுக்கு அடியில் வெறுமையான முதுகுப்பையை விரியுங்கள். 410 கிராம் பாய் 270 கிராமாகிவிடும். ஆனால் கால் குளிரும் ஆட்கள் வெட்டவேண்டாம். எங்கள் குழுவில் ஒரு ஆசிரியைக்கு இரண்டு சோடி காலுறை போட்டாலும் கால் ஐஸ்கட்டிதான், அவருக்கு முழு நீளமே சரி.

வாங்கியதும் வீட்டு மாபிள் தரையில் ஒரு இரவு படுங்கள். மலைப் புல்தரை இதைவிட மென்மையானது, ஆகவே இங்கே நித்திரை வந்தால் அங்கே கவலை இல்லை. சின்ன வயதில் பன்பாயில் படுத்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மெத்தையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இடுப்பு வலிக்கும். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது, கூடாரம் போடும் முன்பே தரையில் படுத்து, இடுப்பு இறங்கும் சின்னப் பள்ளம் தேடுவது. பள்ளம் கிடைக்காவிட்டால் மாற்றுடுப்பை மடித்து இடுப்புக்கு மேலும் கீழும் பாய்க்கு அடியில் வைக்கலாம்.

கொண்டுபோகும் விதத்தையும் வாங்கும்போதே யோசியுங்கள். சுருட்டும் பாயைப் பையின் பக்கத்தில் குறுக்காகக் கட்டினால் பஸ்ஸில் ஏறுகிறவர் இறங்குகிறவர் முகமெல்லாம் இடிபடும், தேயிலைத் தோட்ட ஒற்றையடிப் பாதையில் புதர் பிய்க்கும். நிமிர்த்திக் கட்டுங்கள். மெல்லிய பாயாக இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. வெறும் பைக்குள் அதைக் குழாய்போல விரியவிட்டு, நடுவில் சாமான்களை அடுக்குங்கள். பை விறைப்பாக நிற்கும், முதுகில் எதுவும் குத்தாது, பாயும் நனையாது.

எங்கே கூடாரம் போடலாம் என்பதற்கு ஹோர்ட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் நக்கிள்ஸ் வனத்தில் வனத் திணைக்களத்திடமும் முதலில் அனுமதி பெறுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவையுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் வியர்வையும் மண்ணும் ஒட்டிய பாயில் பூஞ்சணம் பிடிக்கும். மொட்டைமாடி வெயிலில் போட்டாலும், பூட்டிய காருக்குள் விட்டாலும் நுரை சுருங்கிப் பொரிந்துபோகும். இறுக்கிச் சுருட்டி வைக்காமல் அலுமாரிக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். கட்டிலில் மெத்தைக்கு அடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது பாயைத் தினமும் நசுக்குவது.

வருடத்துக்கு ஒரு தடவை அடிமட்டத்தை எடுத்து, இடுப்புப் படும் இடத்தின் தடிப்பையும் ஓரத்தின் தடிப்பையும் அளந்து பாருங்கள். இடுப்புப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அங்கே ஆர் எண்ணும் அதே அளவுக்குக் குறைந்துவிட்டது, புதியது வாங்கலாம். பழையதை ஒரு அடிச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். சிவனொளிபாத மலையில் சூரிய உதயத்துக்காகக் கல்லில் உட்கார்ந்து காத்திருக்கும்போது ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம்.